மகன் வர நேரமாகும்

பிரிக்பீல்ட்ஸ்,
2 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷாமினி எழுதுவது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அம்மா நலம். நான் நலம். வழக்கமாக இந்த இடத்தில் 'அப்பாவும் நலம்' என்று எழுதுவேன். நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஆனாலும் ஏழு வருடமாக எழுதிக்கொண்டுதான் வந்தேன். இந்த முறை எழுத முடியவில்லை.

அப்பா போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துவிட்டார். பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார். பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா மீனைக் கழுவி முடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார்.

உனக்குக் கடிதம் வரும் அந்த மளிகைக் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன். நீ தோட்டத்தில் தங்கி திராட்சை பறிப்பதாகவும், எப்போது வருவாய் என்று தெரியாது என்றும் கடைக்காரர் சொன்னார். இந்தச் செய்தியை அந்நியர் வாயால் உனக்குச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவின் அடையாள அட்டைக்குப் பின்னால் ஓர் அட்டை இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே உடலை மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காக ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்த எண்ணுக்கு நான் கூப்பிட்டேன். மூன்று மணி நேரத்தில் வண்டி வந்துவிட்டது. சவப்பெட்டிக்காரரும் மேளக்காரரும் வந்து, படிக்கட்டிலேயே நின்று, திரும்பிப் போனார்கள்.

அம்பாங்கிலிருந்து வந்த லெட்சுமி அத்தை வண்டியை மறித்தார். "எங்கண்ணன் என்ன கோழியா, வெட்டிப் பாக்கறதுக்கு? யாருடி உங்களுக்கு அதிகாரம் குடுத்தா?"

அம்மா அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவருதான் கையெழுத்து போட்டிருக்காரு. நீ போயி அவரையே கேளு."

உடலை அங்கே உறைய வைத்துப் பாதுகாப்பார்களாம். மாணவர்களின் பயிற்சி முடிந்ததும் நம்மிடமே திருப்பித் தருவார்கள். ஆகஸ்டு மாதம் ஆகலாம் என்றார்கள். அதன் பிறகுதான் தகனம். அதுவரை அப்பா அங்கேதான் இருப்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா உன்னை விசாரித்தார்.

உன் தங்கை,
ஷாமினி


மில்டூரா,
22 மார்ச் 2025

ஷாமினிக்கு,

நான் நலம். முதுகு பரவாயில்லை. நீயும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். அழுகை வரும் என்று கடைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. பெற்ற பிள்ளையைப் போலீசில் காட்டிக்கொடுத்தவர் அவர். உடம்பை ஊருக்கு எழுதி வைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவருக்கு எப்போதும் ஊர்தான் பெரிது.

நான் வந்து இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். உனக்கும் அது தெரியும். அதனால்தான் நீ 'வா' என்று எழுதவில்லை. அதற்கு நன்றி.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இரண்டாவது பத்தியை விட்டுவிடு.

லோகன்


பிரிக்பீல்ட்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. அங்கே குளிர் தொடங்கிவிட்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் அதிகம். மற்றபடி நலம். நீ சொன்ன பத்தியை விட்டுவிட்டுத்தான் படித்தேன். "இவ்வளவுதானா எழுதியிருக்கான்?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

இங்கே பதினாறாம் நாள் பெரிய சண்டையாகிவிட்டது. சடங்கு செய்கிற ராதாகிருஷ்ணன் அங்கிளை அத்தை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

"அங்கிள், பதினாறு நாள எங்கேருந்து எண்ணணும்?" என்று கேட்டேன். "இறந்த நாள்லருந்தா, எரிச்ச நாள்லருந்தா?"

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வரும்மா. அதனால யாரும் கேட்டதில்ல. முப்பது வருசத்துல இப்பிடி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்ல லா."

"நீங்க ஒரு நாளச் சொல்லுங்க அங்கிள். தாலிய எறக்கணும். ஊரு ஏற்கெனவே பேசுது" என்றார் அத்தை.

அங்கிளுக்கு அம்மா கொடுத்த காப்பி ஆறிவிட்டது. கடைசியில், "நெருப்புதான் கணக்கு. நெருப்பு வெக்காம நான் எதத் தொடங்குவேன்?" என்று எழுந்துவிட்டார்.

அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு மறுநாளே பூக்கடைக்கு மாலை கட்டும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். கல்யாண மாலைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், "ஆன்டி, நீங்க கட்ட வேணாமே, அந்த அக்கா கட்டட்டும்" என்று தயங்கினாராம். "எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருக்காரு. நான் ஏன் கட்டக் கூடாது?" என்றாராம் அம்மா. அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மை என்றும் சொல்ல முடியவில்லை.

நான் இப்போது கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு நன்னெறிக் கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் கமூட்டர் ரயிலில் போய் வருகிறேன். போன வாரம் 'நேர்மை' பாடம். குரு என்று ஒரு மாணவன் இருக்கிறான். கையைத் தூக்கினால் வம்புதான்.

"டீச்சர், சொந்த அண்ணன் தப்பு செஞ்சா போலீசுல சொல்லணுமா?"

நான் பதில் சொல்வதற்குள் முன் வரிசைப் பெண் சொன்னாள்: "சொல்லணும். சொல்லலன்னா அது நேர்மை இல்ல."

"உனக்கு அண்ணனே இல்ல. அதான் ஈசியா சொல்ற."

"மொதல்ல அம்மாகிட்ட சொல்லலாம் டீச்சர். எங்கம்மா அடிச்சா அதுவே போதும், போலீசு தேவையில்ல" என்றான் இன்னொருவன். வகுப்பே சிரித்தது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. நீங்க சொல்வீங்களா?" குரு விடவில்லை.

நான் கரும்பலகையை அழிக்கத் திரும்பினேன். மணி அடிக்கும்வரை அழித்துக்கொண்டே இருந்தேன். அவனுக்கு நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மாவின் அன்பு.

ஷாமினி


மில்டூரா,
25 ஏப்ரல் 2025

ஷாமினிக்கு,

நலம். இங்கே காலையில் விரல் மடங்காத அளவுக்குக் குளிர். அம்மாவின் முழங்காலுக்கு நல்ல டாக்டராகப் பார்.

குருவுக்கு என் பதிலைச் சொல்லு. சொல்வதற்கு முன்னால் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் கொடுக்கச் சொல்லு.

நான் இதுவரை யாரிடமும் இதைப் பேசியதில்லை. அன்று சாயங்காலம் தெலுக் பங்லிமா காராங்கில் சரக்கை இறக்கிவிட்டு வந்தேன். நல்ல மழை. தொழிற்சாலைச் சாலையில் சைக்கிளில் போன ஓர் ஆளை லோரி தட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். நினைக்க ஆசைப்பட்டேன் என்று சொல்வதுதான் சரி. நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து சமையலறையில் உங்கள் மூன்று பேரிடமும் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும். "காலையில நீயே ஸ்டேஷனுக்குப் போ. நான் கூட வரேன்" என்றார் அப்பா. சரி என்றேன். முதலாளி பாலன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன், பத்து மணிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினேன். ஒன்பது மணிக்கு அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். வாசலில் போலீஸ். 'அப்பாதான் போய்ச் சொன்னாராம்' என்றார். பையில் எப்போதும் இருக்கும் கடப்பிதழோடு அன்று மாலையே இந்த நாட்டுக்கு விமானம் ஏறினேன்.

ஒரு மணி நேரம், ஷாமினி. என் காலால் நானே நடந்து போயிருப்பேன். அந்த நடையை அப்பா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். குற்றவாளியாகப் போவதற்கும் மனிதனாகப் போவதற்கும் நடுவில் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

லோகன்


பிரிக்பீல்ட்ஸ்,
18 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கையுறை வாங்கிக்கொள். அம்மாவின் முழங்காலுக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். அதைப் பற்றி இன்று எழுத வரவில்லை. வேறு ஒன்றை எழுதுகிறேன்.

நேற்று நான்கு மருத்துவ மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். யாருடைய உடலில் பயிற்சி செய்யப் போகிறார்களோ அவருடைய குடும்பத்தை முதலில் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். மலாய் மாணவர் ஒருவர், சீன மாணவர்கள் இருவர். நான்காவது ஆள் விஷ்ணுப்ரியா என்ற பெண், செமினியைச் சேர்ந்தவள். அவள்தான் மொழிபெயர்த்தாள். அப்பா என்ன வேலை செய்தார், என்ன சாப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ரயில்வேயில் தண்டவாள வேலை, ஓய்வுக்குப் பிறகு காவலாளி, புளி அதிகமான மீன்குழம்பு என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று அம்மாவே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க ரொம்பக் குளிருமாம்மா?"

விஷ்ணுப்ரியா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா ஆன்டி. குளிரும்" என்றாள்.

"அவருக்கு ஏர்கோன் ஒத்துக்காது. ஒடனே சளி புடிச்சுக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. சீனப் பையன் தன் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டான்.

அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை ஆங்கிலத்தில் தயாரித்து வந்திருந்தார்கள். பயிற்சி தொடங்கும் நாளில் வாசிப்பார்களாம். அதில் 'அறிவியலுக்குத் தொண்டு செய்ய விரும்பினார்' என்று ஒரு வரி இருந்தது. அப்பா அப்படிப் பேசியதே இல்லையே என்றேன். விஷ்ணுப்ரியா சங்கடப்பட்டாள். பையிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்தாள். காரணம் எழுதும் இடத்தில் அப்பாவின் பெரிய பெரிய எழுத்தில், மலாயில், இரண்டே வரிதான் இருந்தது. 'மகன் தூரத்தில் இருக்கிறான். வர நேரமாகும்.'

அப்பா விண்ணப்பம் கொடுத்த அன்று ஆஸ்பத்திரி முகப்பில் இருந்த பெண்மணிக்கு அவரை நன்றாக நினைவிருக்கிறதாம். மற்றவர்கள் வலிக்குமா, எங்கே வெட்டுவீர்கள், மதத்தில் இடமுண்டா என்றெல்லாம் கேட்பார்களாம். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"எவ்வளவு நாள் வெச்சிருப்பீங்க?"

"ஆறு மாசம். சில சமயம் ஒரு வருசம்கூட ஆகும் அங்கிள்."

"அப்பப் போதும்" என்று கையெழுத்துப் போட்டாராம்.

புரிகிறதா அண்ணே? வேறு எந்தச் சாவிலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான். நீ வந்து சேர அவ்வளவு நேரம் போதாது என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

'அப்ப நாங்க எழுதின வரிய எடுத்துடவாக்கா?' என்று விஷ்ணுப்ரியா கேட்டாள். ஒரு நல்ல காரியத்தைச் சொந்த ஆசைக்காகச் செய்தால் அது நல்ல காரியம்தானா? பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அம்மாதான் சொன்னார்: "இருக்கட்டும்மா. குடுத்தது உண்மதானே. எதுக்குக் குடுத்தாருங்கறது எங்க வீட்டு விசயம்."

ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை உடலைத் தருகிறார்கள். அன்றே தகனம். 'வா' என்று நான் எழுதவில்லை. தேதியை மட்டும் எழுதுகிறேன்.

ஷாமினி


மில்டூரா,
5 ஜூன் 2025

ஷாமினிக்கு,

நலம். ஆரஞ்சுப் பறிப்பு தொடங்கிவிட்டது. அம்மாவிடம் அந்த விண்ணப்ப நகல் இருந்தால் பத்திரமாக வைக்கச் சொல்லு.

மூன்று நாளாக ஒரே யோசனை. எனக்காக ஆறு மாதம் குளிரில் கிடக்கத் துணிந்தவர், அன்றைக்கு ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டாரா? இரண்டும் ஒரே மனிதரா? எப்படிப் போட்டாலும் கணக்கு ஒட்டவில்லை. நீதானே படித்தவள். நீ பதில் சொல்லு. அது தெரியாமல் என்னால் ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

லோகன்


பிரிக்பீல்ட்ஸ்,
20 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். இங்கே இரண்டு வாரமாக நல்ல வெயில். பள்ளி விடுமுறை முடிந்துவிட்டது. திருத்த வேண்டிய தாள்கள் நிறைய. அம்மா இப்போது கடையில் நின்றுகொண்டே மாலை கட்டுகிறார். உட்கார்ந்தால் எழ முடியவில்லை என்கிறார். நகலைப் பத்திரப்படுத்திவிட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

ஷாமினி


மில்டூரா,
4 ஜூலை 2025

ஷாமினிக்கு,

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

பதில் இல்லாத இடத்துக்கு நான் வர மாட்டேன். கொள்ளியை நீயே வை. இந்தக் காலத்தில் பெண்கள் வைக்கிறார்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

லோகன்


பிரிக்பீல்ட்ஸ்,
13 ஜூலை 2025

அண்ணே,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் நீ நலமாக இருக்க வேண்டும்.

அன்றைக்குப் போலீசில் சொன்னது அப்பா இல்லை. நான்.

உன் கணக்கு ஒட்டாததற்கு அதுதான் காரணம். அப்பா ஒரே மனிதர்தான். நடுவில் என்னை வைத்துப் பார்.

அப்போது எனக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். அன்று காலை ஏழு மணிக்கு ரயிலுக்காக நின்றிருந்தபோது கைப்பேசியில் அந்த விபத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தி வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரை விடியற்காலையில் வாய்க்காலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் போயிருக்கிறது. வழியில், அண்ணே. அதாவது நம் சமையலறையில் நாம் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவருக்கு உயிர் இருந்திருக்கிறது. நாம் நான்கு பேரும் என்ன பேசினோம் என்று நினைத்துப் பார். வக்கீல், லைசென்ஸ், பாலன் அண்ணனின் லோரி, உன் எதிர்காலம். ஆம்புலன்சைக் கூப்பிடு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ சாலையில் நிற்காமல் வந்தாய். நாங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே நிற்காமல் போனோம்.

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. நடந்து ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது உன் அறையில் துணிப்பை கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஓடப் போகிறாய் என்று முடிவு செய்துவிட்டேன். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. லாக்கப்பில் மாற்றிக்கொள்ள எடுத்து வைத்த துணியாகவும் அது இருந்திருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எடுத்தது நான்தான்.

அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்து, போலீஸ் வருவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. என் தலையில் கை வைத்தார். பிறகு சொன்னார்: "நான்தான் போனேன்னு சொல்லு. அம்மாகிட்டயும் அதையே சொல்லிடறேன். அப்பன் மேல கோவம்னா என்னைக்காவது ஒரு நாள் சண்டை போடறதுக்காவது வருவான். தங்கச்சி மேல கோவம்னா அவனுக்கு வீடே இல்லாமப் போயிரும்மா."

நான் சரி என்றேன். அந்தச் சரியைத்தான் ஏழு வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறேன். நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவை விசாரிக்காமல் விட்டாய். நான் படித்துக் காட்டும்போது அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார். முடிந்ததும் போய்விடுவார். அம்மா ஒரு வருடம் அவரோடு பேசாமல் இருந்தார். அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மறுபடியும் அந்தக் காலை வந்தால் போலீசுக்குப் போவாயா என்று குரு கேட்டால், போவேன் என்றுதான் சொல்வேன். ஆனால் உன்னை எழுப்பி, உன் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

என்னோடு பேசாதே. எழுதாதே. நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் உன் கோபத்தை அப்பா மேலிருந்து எடுத்துவிடு. அவர் காத்திருக்கிறார்.

இதைத் தபாலில் போட்டதும் அம்மாவிடமும் சொல்லிவிடுவேன்.

ஷாமினி


மில்டூரா,
11 ஆகஸ்டு 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகன் லோகன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் இப்போது எப்படி?

கான்பெராவில் நம் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் வந்தேன். கடப்பிதழ் காலாவதியாகிவிட்டதால் பயணக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். 20ஆம் தேதி விமானம். இறங்கியதும் நானே போய்ச் சொல்லிவிடுவேன். அப்பாவின் காரியத்துக்கு என்னை விடச் சொல்லி ஒரு வக்கீல் மூலமாக மனு கொடுத்திருக்கிறேன். விடுவார்களா, தெரியாது.

நீங்கள் விமான நிலையத்துக்கு வர வேண்டாம். கையில் விலங்கோடு என்னை முதலில் பார்க்க வேண்டாம்.

இதைப் படித்துக் காட்டுகிறவர் எதையும் விட்டுவிடாமல் படிக்கட்டும்.

உங்கள் மகன்,
லோகன்


பிரிக்பீல்ட்ஸ்,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முகவரி இப்போது ஒரு மணி நேரப் பயண தூரம்தான். ஆனாலும் தபால்தலை ஒட்டுகிறேன். உன் உடம்பு எப்படி? அங்கே மெத்தை கிடையாது, சிமெண்டில்தான் படுக்கிறாய் என்று அம்மா சொன்னார். முதுகுக்குக் கீழே துணியை மடித்து வைத்துக்கொள்.

அம்மாவிடம் உண்மையைச் சொன்ன அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து அவரைத்தான் திட்டினார். "ஒரு வருசம் சோத்த வெச்சிட்டு மூஞ்சியப் பாக்காமப் போனேனே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மனுசன்? அவ்வளவு கெட்டிக்காரரா நீங்க?" இரண்டு நாள் அதே சண்டை. மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டு, என் முகத்தைப் பார்த்தார்.

தகனத்தன்று நான் பெண்கள் பக்கத்தில் கடைசியில் நின்றேன். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நீ வந்தாய். கன்னம் ஒட்டியிருந்தது. முன்தலையில் முடி இல்லை. அப்பாவைப் போலவே நடந்தாய். உன் வலது கையை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லி ராதாகிருஷ்ணன் அங்கிள் போலீஸ்காரரிடம் மலாயில் கெஞ்சினார். "ஒரு கை போதும் என்சிக். கற்பூரத்துக்கு ஒரு கை போதும்." போலீஸ்காரர் இரண்டு கையையும் அவிழ்த்துவிட்டார். நீ கற்பூரத்தை வைத்தாய். தகன இயந்திரத்தின் பொத்தானை அழுத்தச் சொன்னபோது உன் விரல் அப்படியே நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அழுத்தினாய்.

நீ அழுததைப் பார்த்தேன். போகும்போது அம்மாவைப் பார்த்தாய், அத்தையைப் பார்த்தாய், வந்திருந்த மாணவர்களைக்கூடப் பார்த்தாய். என் பக்கம் திரும்பவில்லை. நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். தயாராக இருப்பதால் ஒன்றும் குறைவதில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பதினாறாம் நாள் அம்மா தன் கையாலேயே தாலியைக் கழற்றினார். அத்தை கிட்டே வந்தபோது, "நான் பாத்துக்கறேன்" என்றார்.

உன் பார்வையாளர் பட்டியலில் அம்மாவின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவை அழைத்து வருவது நான். மூன்று முறையும் சிறைக்கு வெளியே கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். முதல் முறை அம்மா வெளியே வந்ததும், என்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்றேன். இல்லை என்றார். இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. நேற்று அம்மா வெளியே வந்ததும் வழக்கம்போல் நடக்கத் தொடங்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் ஒண்ணு கேட்டான்டி."

"என்னம்மா?"

"அந்த சைக்கிள்ல வந்த ஆளு பேரு என்னன்னு கேட்டான். 'எனக்கு இதுவரைக்கும் தெரியாதும்மா. ஷாமினிக்குத் தெரிஞ்சிருக்கும். எழுதச் சொல்லுங்க'ன்னான்."

எழுதச் சொன்னாய். அதனால்தான் எழுதுகிறேன், அண்ணே.

அவர் பெயர் கர்ண பகதூர் தமாங். நேபாளத்துக்காரர். வயது முப்பத்தொன்று. நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் நான்கு வருடம் வேலை பார்த்தார். நான் அந்த வருடமே தொழிற்சாலைக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவருடைய படம்கூடப் பார்த்தேன். பல் வரிசை கொஞ்சம் கோணல். சிரிக்கிறார்.

அவருடைய சவப்பெட்டி ஊருக்குப் போனபோது அங்கே விமான நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது அவருடைய தங்கை. அவள் பெயரும் எனக்குத் தெரியும். நீ கேட்டால் சொல்வேன்.

ஷாமினி